கோட்டைக்குள்ள இருக்கற மேரி சர்ச் கூரையில நெஜமாவே மரமே இல்லையா?

7 ஜனவரி 2024 – கேள்வி

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள டெம்பரரி வேலை கிடைச்சு ஒரு மாசம் ஆகுது. மத்தியானம் சாப்பிட்டு சும்மா செயின்ட் மேரீஸ் சர்ச் பக்கம் போனேன். அங்க ஒரு பெரியவர் சொன்னாரு, இந்தக் கூரையில ஒரு துண்டு மரம் கூட கிடையாதாம், பீரங்கிக் குண்டு விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதாம். கதையா நெஜமா? இன்னொண்ணு, சர்ச்சைச் சுத்தி தரையில பாவியிருக்கறது எல்லாம் கல்லறையா? தெரியாம மிதிச்சுக்கிட்டே போயிட்டேன், மனசு ஒரு மாதிரி இருக்கு.

7 ஜனவரி, ராத்திரி 11.20

கதைதான் தம்பி. நான் இருபத்தஞ்சு வருஷமா பழைய கட்டடம் ரிப்பேர் வேலையில இருக்கேன். மெட்ராஸ்ல வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்னா மெட்ராஸ் டெரஸ்தான், நம்ம ஆளுங்க கட்டைக்குத்து ஒட்டுன்னு சொல்றது. தேக்கு உத்திரம் போட்டு, அதுமேல ஒண்ணரை ரெண்டு அடிக்கு ஒரு சட்டம் அடுக்கி, சின்னச் சின்ன செங்கல்லைக் குத்து வாட்டத்துல குறுக்கா சாய்ச்சு சுண்ணாம்புல ஒட்டிக்கிட்டே போவாங்க. அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணி தெளிச்சு, சித்தாளுங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்கா தட்டுவாங்க. கடைசியில தட்டோடு, அதாவது தட்டையான ஓடு பதிப்பாங்க. மரம் இல்லாம இது நிக்கவே நிக்காது. மேரி சர்ச்சும் அப்படித்தான் இருக்கும். நான் உள்ள போயிருக்கேன், சின்ன வயசுல.

கல்லறை விஷயம் நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

9 ஜனவரி

இன்னும் யாரும் என்னைத் திட்டல, அதனால நானே திட்டிக்கறேன். நேத்து வேலையில இருக்கும்போது திடீர்னு உறைச்சுது. கட்டைக்குத்து ஒட்டுன்னா உள்பக்கம் தலைக்கு மேல சட்டம் வரிசையா தெரியணும். புரசைவாக்கத்துல ஒரு பழைய வீட்டுல வேலை செஞ்சப்ப தெனமும் அண்ணாந்து அந்தச் சட்டத்தைத்தான் எண்ணிக்கிட்டு கிடந்தேன், கரையான் அரிச்சது எது நல்லது எதுன்னு. மேரி சர்ச்சுக்குள்ள அப்படி எதையும் பாத்த ஞாபகம் இல்ல. வெள்ளையா வளைவா ஏதோ ஒண்ணு, அவ்வளவுதான் கண்ணுல நிக்குது. ஆனா அப்ப எனக்குப் பதினாலு வயசு, ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க, நான் கூரையைப் பாத்ததை விட ஃபேனைப் பாத்ததுதான் ஜாஸ்தி.

ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் 7-ம் தேதி நான் எழுதினதை யாரும் நம்ப வேணாம்.

14 ஜனவரி, போகி

தோத்துட்டேன். அந்தப் பெரியவர் சொன்னது நெஜம்.

காலையில போகிப் புகையில கண்ணே தெரியல, பீச் ரோடு முழுக்க டயர் வாசனை. கேட்ல ஆதார் காமிச்சு பை சோதனை முடிச்சு உள்ள போக அரை மணி நேரம். ஆராதனை முடிஞ்சு ஜனங்க வெளிய வர்ற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் உள்ள போய் நேரா அண்ணாந்து பாத்தேன். உத்திரமும் இல்ல சட்டமும் இல்ல. மூணு வளைவு, பக்கத்துல பக்கத்துல. ஒரு பீப்பாயை நெட்டுக்கு ரெண்டா அறுத்துக் கவுத்து வச்சா எப்படி இருக்கும், அது மாதிரி மூணு, நடுவுல ஒண்ணு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை கனம் ரெண்டு அடி, வெளிச் சுவர் கனம் நாலு அடி.

நாலு அடி சுவர் ஏன்னு கேப்பீங்க. வளைவுன்னா எடை நேரா கீழ மட்டும் இறங்காது, ரெண்டு பக்கமும் வெளிய தள்ளும். காலை அகட்டி வழுக்குற தரையில நிக்கறவன் மாதிரி. நடு வளைவு தள்றதைப் பக்கத்து வளைவு ரெண்டும் எதிர்த்துத் தள்ளி சமாளிச்சிடும், ஆனா ஓரத்து வளைவைத் தாங்க வெளிய யாரும் இல்ல, சுவர்தான் தாங்கணும். அதான் அந்த கனம். ஜன்னல் குழியில கையை விட்டுப் பாத்தேன், தோள்பட்டை வரைக்கும் போகுது. இதை வரைஞ்சவன் அழகுக்காக வரையல.

யாரு வரைஞ்சான்னு பாத்தா, கோட்டையில பீரங்கிக்குப் பொறுப்பா இருந்த ஆளுன்னு சொல்றாங்க. அதைக் கேட்டதும் எல்லாம் புரிஞ்சுபோச்சு. மேல இருந்து குண்டு விழுந்தா என்ன ஆகும்னு அவனுக்குத்தானே தெரியும், தெனமும் அவன் சுடறதே அதைத்தானே. மரக் கூரைன்னா குண்டு ஓட்டை போட்டு உள்ள வந்து தீயும் பிடிக்கும். ரெண்டு அடி செங்கல் வளைவுல விழுந்தா பேந்து போகும், உருண்டு போகும், உள்ள இருக்கறவன் தப்பிப்பான். கரையானும் கிடையாது, இது நான் சேத்துக்கிட்டது.

1678 மார்ச் 25-ம் தேதி கட்ட ஆரம்பிச்சிருக்காங்க. மேரி மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது, அதனாலதான் மேரி பேரு. 1680 அக்டோபர் 28-ல பிரதிஷ்டை. அதுக்கு முன்னாடி கோட்டைக்குள்ள சாப்பாட்டு ஹால்லதான் ஜெபம் நடந்துச்சாம். கவர்னரா இருந்த ஸ்ட்ரைன்ஷம் மாஸ்டர்தான் முன்னாடி நின்னு கட்டினவரு. கிழக்கிந்தியக் கம்பெனி இதுக்குக் காசு தரல, கோட்டையில இருந்தவங்களே வராகன் (அந்தக் காலத்துத் தங்கக் காசு) கணக்குல வசூல் போட்டுக் கட்டினாங்க. நம்ம தெரு பிள்ளையார் கோயில் கணக்குதான்.

15 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள்.

யாரோ ஒருத்தர் ராபர்ட் கிளைவ் கட்டின சர்ச்தானே இதுன்னு கேட்டிருக்காரு. இல்லைங்க, கிளைவ் பொறக்கறதுக்கு முன்னாடியே இது கிட்டத்தட்ட 45 வருஷம் பழசு. அவர் இங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, 1753 பிப்ரவரி 18, பொண்ணு பேரு மார்கரெட் மாஸ்கலின். கல்யாணம் பண்ணவனெல்லாம் மண்டபத்தைக் கட்டினவனா?

இந்த சர்ச் ரெஜிஸ்டர்ல முதல் கல்யாணமே எலிஹு யேல் கல்யாணம்தான், 1680 நவம்பர்ல, சர்ச் திறந்த அடுத்த வாரம். சாந்து கூட முழுசா காஞ்சிருக்காது. ஜோசப் ஹின்மர்ஸ்னு ஒரு கம்பெனி அதிகாரி செத்துப்போய் அவர் விதவையைத்தான் கட்டிக்கிட்டாரு. அதே யேல்தான் பின்னாடி கவர்னர் ஆகி, சம்பாதிச்சு, சீமைக்குப் போய், அமெரிக்காவுல ஒரு பள்ளிக்கூடத்துக்குத் துணி மூட்டையும் புஸ்தகமும் அனுப்பி, அவங்க 1718-ல அவர் பேரையே வச்சாங்க. யேல் யுனிவர்சிட்டி.

18 ஜனவரி

வேலை இருந்துச்சு. கல்லறை விஷயத்துக்கு இன்னைக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

தம்பி, நீ மிதிச்சது கல்லறை இல்ல, கல்லறைக் கல்லு. ரெண்டும் வேற. அந்தக் கல்லுக்குக் கீழ யாரும் இல்ல.

பழைய இங்கிலீஷ் மயானம் இப்ப ஐகோர்ட் பக்கத்துல சட்டக் கல்லூரி இருந்த இடத்துல இருந்துச்சு. கொய்யாத் தோட்டம்னு பேரு. அந்தக் காலத்துப் பணக்காரனுங்க சமாதின்னா சின்னது கிடையாது, கோபுரம் மாதிரி, மண்டபம் மாதிரி கட்டிப்பாங்க. 1758 டிசம்பர்ல லாலின்னு பிரெஞ்சு தளபதி படையோட வந்து கோட்டையை முற்றுகை போட்டான், 1759 பிப்ரவரி வரைக்கும். அவன் ஆளுங்களுக்கு இந்தச் சமாதிங்க ரெடிமேட் மறைவிடம் ஆகிப்போச்சு, அதுங்க பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டே கோட்டையை நோக்கிச் சுட்டானுங்க. செத்துப்போன இங்கிலீஷ்காரன் தயவுல உயிரோட இருக்கற இங்கிலீஷ்காரனைச் சுட்டிருக்கான்.

முற்றுகை முடிஞ்சதும் இவங்க முதல் வேலையா அந்த மயானத்தைத் தரைமட்டம் ஆக்கினாங்க. எழுத்து வெட்டின பலகைக் கல்லை மட்டும் பெயர்த்துக் கொண்டாந்து சர்ச்சைச் சுத்திப் பாவிட்டாங்க. எலும்பு அங்கயே இருக்கு, பேரு இங்க இருக்கு. நூறு கல்லுக்கு மேல இருக்கும். இங்கிலீஷ் மட்டும் இல்ல, லத்தீன், போர்ச்சுகீஸ், ஆர்மீனியன் எழுத்தெல்லாம் இருக்கு. ஆர்மீனியன் எழுத்தை முதல்ல பாத்தப்ப மலையாளம்னு நினைச்சேன், சிரிக்காதீங்க.

இருக்கறதுலயே பழசு எலிசபெத் பேக்கர்ங்கற அம்மாவோடது, 1652. கோட்டைக்கு முதல் பிரசிடென்டா வந்த ஏரன் பேக்கரோட சம்சாரம். கப்பல்ல வர்ற வழியிலயே இறந்துட்டாங்க. இந்தியாவுல இருக்கற இங்கிலீஷ் கல்லறைக் கல்லுலயே பழசு இதுதான்னு சொல்றாங்க. இந்த ஊர் மண்ணுல காலே வைக்காத ஒருத்தங்க.

18 ஜனவரி, ராத்திரி

கதை அதோட முடியல, மறந்துட்டேன். 1782 வாக்குல ஹைதர் அலி வர்றாருன்னு பயம் வந்தப்ப அந்தக் கல்லுங்களை மறுபடியும் பெயர்த்து, கோட்டைச் சுவர் மேல பீரங்கி நிறுத்தறதுக்குப் பலகையா போட்டுட்டாங்க. பல வருஷம் கழிச்சுதான் திருப்பிக் கொண்டாந்து போட்டாங்க. அதனால சில கல்லு மூலை உடைஞ்சிருக்கும், கீறல் விழுந்திருக்கும். பீரங்கி உதைச்சதாவும் இருக்கலாம், பெயர்த்தப்ப கடப்பாரை பட்டதாவும் இருக்கலாம். கடப்பாரை பட்ட கல்லு எப்படி உடையும்னு எனக்குத் தெரியும், நானே நிறைய உடைச்சிருக்கேன்.

20 ஜனவரி

ஒருத்தர் காரமா எழுதியிருக்காரு, வெள்ளைக்காரன் கல்லறைக்கு இவ்வளவு உருகறீங்களே, அவன் இடிச்ச நம்ம கோயிலைப் பத்திப் பேச மாட்டீங்களான்னு. கேக்க வேண்டிய கேள்விதான், பேசறேன்.

இப்ப ஐகோர்ட் நிக்கற இடத்துலதான் பழைய கறுப்பர் பட்டணம் இருந்துச்சு. 1746-ல பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடிச்சான், 1749-ல திருப்பிக் குடுத்தான். அந்தச் சண்டையிலயும் அதுக்கு அப்புறமும் கோட்டைச் சுவர்ல இருந்து பாத்தா சுடறதுக்கு வெட்டவெளியா இருக்கணும்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வீடுங்களை இடிச்சுத் தள்ளினாங்க. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதுலதான் போச்சு. பூக்கடை பக்கம் இப்ப இருக்கற கோயில் அதுக்குப் பதிலா மாத்து இடம் குடுத்துப் பின்னாடி கட்டினது. கும்பிட்டுக்கிட்டு இருந்த கோயிலையே இடிச்சவன் சொந்த மயானத்தை இடிச்சதுல ஆச்சரியம் இல்ல, ஆனா வரிசை பாருங்க, கோயில் முதல்ல போச்சு, மயானம் அதுக்கு அப்புறம்தான், அதுவும் குண்டடி பட்ட பிறகுதான்.

அந்த மயானத்துல இடிபடாம தப்பிச்சதுல ஒரு சமாதி ரெண்டு பேருக்கு. ஒண்ணு மேல சொன்ன ஹின்மர்ஸ், இன்னொண்ணு யேலோட பையன் டேவிட், நாலு வயசு கூட ஆகல, 1688-ல போயிட்டான். ஒரே பொம்பளைக்கு முதல் புருஷனும் ரெண்டாவது புருஷனோட புள்ளையும் பக்கத்துல பக்கத்துல. சட்டக் கல்லூரி வளாகத்துல அது இன்னும் நிக்குது, பார்க்கிங்குக்கு இடம் பத்தலன்னு 2023-ல ஐகோர்ட் வரைக்கும் வழக்கு போச்சு. லாலிக்குத் தப்பிச்சது காருக்குத் தப்பிக்குமான்னு பாக்கணும்.

21 ஜனவரி

திருத்தம். 14-ம் தேதி சர்ச்சைப் பத்தி எழுதும்போது கோபுரத்தையும் சேத்து ஒரே காலத்துல கட்டின மாதிரி படிக்கறவங்களுக்குத் தோணுதாம். இல்ல. கோபுரம் 1701 வாக்குல, மேல கூம்பு 1710. அது குண்டு தாங்கற கட்டடமும் இல்ல. லாலி முற்றுகையில சர்ச்சு பொழைச்சுது, கூம்பு அடி வாங்குச்சு, இப்ப நாம பாக்கறது 1795-ல கட்டினது. கோபுரத்துக்கும் சர்ச்சுக்கும் கட்டுமான ஜாதியே வேற, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா தெரியும், ஒண்ணு பதுங்கி உக்காந்திருக்கும், இன்னொண்ணு எட்டிப் பாக்கும்.

21 ஜனவரி, சாயந்திரம்

இன்னொரு திருத்தம், இது எனக்கு இல்ல, கூட எழுதறவங்களுக்கு. சென்னையிலயே பழைய சர்ச் இதுதான்னு மூணு பேர் எழுதிட்டாங்க. இல்லவே இல்ல. மயிலாப்பூர்ல லஸ் சர்ச்சு போர்ச்சுகீஸ்காரன் கட்டினது, கல்வெட்டுல 1516-ன்னு இருக்கு. அப்ப இங்கிலீஷ்காரன் இந்தப் பக்கம் எட்டிக் கூடப் பாக்கல. மேரி சர்ச்சு ஆங்கிலிக்கன் சர்ச்சுங்கள்ல பழசு, சூயஸுக்குக் கிழக்க இதுதான் பழசுன்னு சொல்லுவாங்க. பழசு பழசுன்னு போட்டி போட ஆரம்பிச்சா ஒவ்வொருத்தனும் முன்னாடி ஒரு அடைமொழி சேத்துக்கிட்டு ஜெயிச்சிடறான்.

28 ஜனவரி

உள்ள பாத்த இன்னொரு சாமானைப் பத்தி எழுதாம இருக்க முடியல. ஞானஸ்நானத் தொட்டி. பல்லாவரத்துக் கருங்கல்லு.

எனக்குப் பல்லாவரம்னா ஜல்லிதான். சின்ன வயசுல திரிசூலம் பக்கம் வெடி வைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், லாரி லாரியா ஜல்லி வரும், நான் வேலைக்குச் சேந்த புதுசுல அந்தக் கல்லுல போட்ட கான்கிரீட் எவ்வளவோ. அதே மலைக் கல்லைத்தான் குடைஞ்சு வழவழன்னு தேச்சு இங்க வச்சிருக்கான். ஜாப் சார்னாக்னு ஒரு கம்பெனிக்காரர், கல்கத்தாவுக்கு அடி போட்டவர்னு சொல்வாங்களே, அவரோட பொண்ணுங்க மூணு பேருக்கும் 1689-ல இந்த சர்ச்லதான் ஞானஸ்நானம். அப்புறம் அவர் கல்கத்தாவுல செத்துப்போனப்ப அவர் சமாதிக்கும் நம்ம ஊர்க் கல்லுதான் போயிருக்கு. இருநூறு வருஷம் கழிச்சு ஹாலண்ட்னு ஒரு புவியியல்காரர் அந்தச் சமாதிக் கல்லு எந்த ஜாதின்னு ஆராய்ஞ்சு, சார்னாக் பேரையே கல்லுக்கு வச்சுட்டாரு, சார்னக்கைட். இன்னைக்கு உலகம் பூரா அந்தக் கல்லுக்கு அதான் பேரு. பரங்கிமலையில இதுக்கு ஜியாலஜி டிபார்ட்மென்ட் போர்டே வச்சிருக்காங்க.

பல்லாவரத்துக்காரன் உடைச்ச கல்லு, கல்கத்தாவுல செத்த வெள்ளைக்காரன் பேரு. பல்லாவரைட்னு வச்சிருந்தா வாய்ல நுழையாதாமா?

3 பிப்ரவரி

எழும்பூர் கிர்க் பத்திக் கேட்டவருக்கு. அது ஸ்காட்டிஷ் சர்ச்சு, செயின்ட் ஆண்ட்ரூஸ், 1818-ல அஸ்திவாரம், 1821-ல திறந்தாங்க. கட்டினது தாமஸ் டி ஹேவிலண்ட்னு ஒரு பட்டாளத்து இன்ஜினியர். நான் சொந்தமா சர்ச்சு ஒண்ணு எடுத்துக்கலாம்னா கிர்க்தான் எடுத்துப்பேன். மேரி சர்ச்சு மூளைக்காரன் வேலை, கிர்க் பைத்தியக்காரன் வேலை.

ஏன்னா அந்த இடம் சகதி, தண்ணி நிக்கற மண்ணு. அந்த ஆளு என்ன பண்ணான், நம்ம ஊர்ல காலங்காலமா செய்யற மாதிரி கிணறு இறக்கினான், ஒண்ணு ரெண்டு இல்ல, 150. கிணத்து மேல கட்டடத்தை நிறுத்தினான். உள்ள போனா நடுவுல வட்டமா ஹால், 16 தூணு சுத்தி நின்னு தலைக்கு மேல கும்மட்டத்தைத் தாங்குது, கும்மட்டத்து உள்பக்கம் நீலம். குறுக்களவு ஐம்பது அடிக்கு மேல. இதுலயும் மரம் கிடையாது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் வச்சு அந்த அகலத்துக்கு வளைக்கறதுன்னா தைரியம் வேணும். இதே ஆளு ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஒரு செங்கல் வளைவு கட்டினான், இவ்வளவு பெரிய வளைவு நிக்காதுன்னு சொன்னவங்களுக்குக் காமிக்கறதுக்காகக் கட்டினதுன்னு கதை. அது 1937 வரைக்கும் நின்னுச்சு.

நான் ஒரு தடவை ரெண்டு கிணத்து மேல ஒரு கார் ஷெட் போட்டேன், ஒரே மழையில ஒரு பக்கம் இறங்கிடுச்சு. அதனால 150 கிணறுன்னு படிக்கும்போது எனக்கு வயித்தைக் கலக்குது.

4 பிப்ரவரி

கார் ஷெட் பத்தி யாரும் கேக்க வேணாம்.

11 பிப்ரவரி

மேரி சர்ச்சுக்குள்ள யாரெல்லாம் நெஜமாவே புதைஞ்சிருக்காங்கன்னு கேட்டிருக்காங்க. வெளிய பாவின கல்லு மாதிரி இல்ல, உள்ள ஆள் இருக்கு. மெட்ராஸ் கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ இருக்காரு, தீவுத்திடல்கிட்ட அங்கவடி இல்லாத குதிரையில உக்காந்திருக்காரே அவர்தான். 1827-ல காலராவுல ஆந்திரா பக்கம் பத்திகொண்டாவுல செத்து, முதல்ல குத்திங்கற (Gooty) ஊர்ல புதைச்சு, நாலு வருஷம் கழிச்சு இங்க எடுத்துட்டு வந்தாங்க. இந்த ஊர்ல செத்தவனைக் கூட சும்மா ஒரே இடத்துல இருக்க விட மாட்டாங்க போல.

பிகாட் பிரபுன்னு ஒரு கவர்னர், சொந்தக் கவுன்சில்காரங்களே பிடிச்சு அடைச்சு வச்சு, காவல்லயே 1777-ல செத்துட்டாரு. அவரும் இங்கதான். கல்லுல பேரு இல்ல, ‘நினைவாக’ன்னு லத்தீன்ல ரெண்டு வார்த்தை மட்டும்.

அப்புறம் சுவர்ல ஒரு பெரிய சலவைக்கல் சிற்பம், தஞ்சாவூர்ல இருந்த ஷ்வார்ட்ஸ் ஐயருங்கற பாதிரியாருக்கு. அவரு 1798-ல தஞ்சாவூர்லதான் காலமானாரு, அங்கதான் அடக்கம், இது கம்பெனி சார்பா வச்ச நினைவுச் சின்னம், செஞ்சது ஜான் பேக்கன். தஞ்சாவூர் சர்ச்சுல இருக்கறது வேற, சரபோஜி மன்னர் தன் காசுல ஃபிளாக்ஸ்மன்கிட்ட செய்யச் சொன்னது. சாகக் கிடக்கற ஐயர் கையை ராஜா பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி. ரெண்டுல எது உசத்தின்னு கேட்டா தஞ்சாவூர்தான். கம்பெனி வச்சதுல மரியாதை இருக்கு, ராஜா வச்சதுல பாசம் இருக்கு.

பலிபீடத்துக்கு மேல ஒரு கடைசி இராவுணவு ஓவியம், 1761-ல பாண்டிச்சேரியைப் பிடிச்சப்ப அடிச்சுட்டு வந்ததுன்னு சொல்றாங்க. சர்ச்சுக்குக் காணிக்கை வர்ற வழி எத்தனையோ.

3 மார்ச்

இன்னைக்கு எங்க மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு, எழுபத்திரெண்டு வயசு, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கடைசி ஆளுங்கள்ல ஒருத்தரு. வாயில போட்டுப் பாத்தே கிளிஞ்சல் சுண்ணாம்பா கல்லுச் சுண்ணாம்பான்னு சொல்லுவாரு. கோட்டைக்குள்ள அவர் இதுவரைக்கும் வந்ததே இல்லையாம், மனு குடுக்கக் கூட. கேட்ல போலீஸ்காரர் என்ன வேலையா வந்தீங்கன்னு கேட்டதுக்கு கூரை பாக்கன்னாரு. அவரு இவரை மேல கீழ பாத்துட்டு, ரிப்பேரான்னாரு. நான்தான் இல்ல சார், சும்மா பாக்கன்னேன்.

உள்ள ஒரு கால் மணி நேரம் பேசவே இல்ல. ஒரு பெஞ்சுல உக்காந்து தலையைச் சாய்ச்சுக்கிட்டே பாத்தாரு. அப்புறம் எழுந்து வளைவு சுவர்ல வந்து உக்காருற இடத்துக்குக் கீழ போய் நின்னு ரெண்டு கையையும் விரிச்சு ஏதோ அளந்தாரு. நான் பெருமையா, மேஸ்திரி, இதுல ஒரு துண்டு மரம் கிடையாதுன்னேன்.

அவர் சிரிச்சாரு. “மரம் இல்லாம எப்படிறா கட்டுவான்? காடே போட்டிருப்பான்.”

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. செங்கல் வளைவு பூட்டுற வரைக்கும் தானா நிக்காது. கீழ இருந்து சாரம் கட்டி, அதுமேல பலகை வளைச்சு, மண்ணைப் பூசி வழிச்சு அந்த வளைவை முதல்ல மரத்துல செஞ்சிருக்கணும், அதுமேல ரெண்டு பக்கமும் சமமா செங்கல் ஏத்திக்கிட்டே வந்து உச்சியில பூட்டியிருக்கணும். சுண்ணாம்பு சிமென்ட் மாதிரி ஒரு வாரத்துல இறுகாது, மாசக்கணக்கு ஆகும். மூணு வளைவு, ஒண்ணு ஒண்ணா தனித்தனியா கட்டினா தள்ளுற வேகத்துல சாஞ்சிடும், அதனால மூணையும் கூடவே ஏத்தியிருப்பான்கறது அவர் கணக்கு. அப்ப மூணுக்கும் ஒரே சமயத்துல சாரம் நிக்கணும், மழைக் காலம் பூரா. எல்லாம் இறுகினதுக்கு அப்புறம் ஆப்பை மெல்லத் தட்டி ஒரு விரக்கடை இறக்கி, ரெண்டு நாள் விட்டு, கூரை உக்காருதான்னு பாத்துட்டு உருவணும். அந்த ஆப்பு தட்டினவன்தான் ஆம்பளைன்னாரு மேஸ்திரி. பீரங்கிக்காரன் பேரு எழுதி வச்சிருப்பான், ஆப்பு தட்டினவன் பேரு எழுதியிருக்க மாட்டான்னும் சொன்னாரு.

ஆக தம்பி, உன் கேள்விக்கு மூணாவது தடவையா பதில். கூரையில மரம் இல்ல. கூரை வர்றதுக்கு மரம் இருந்துச்சு.

3 மார்ச், தொடர்ச்சி

போன்ல சார்ஜ் போயிடுச்சு, மீதி.

வெளிய வந்தப்ப மணி பன்னெண்டு, வெயில் கொளுத்துது. அவர் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு. கல்லு கொதிக்குது மேஸ்திரி, கீழ யாரும் இல்ல, வெறும் கல்லுதான், பீரங்கிக்கே பலகையா போட்டதுன்னு முழுக் கதையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே வெறுங்காலோட நடந்தாரு, சூடு தாங்காம குதிச்சுக் குதிச்சு. ஒரு கல்லுகிட்ட மட்டும் குத்த வச்சு உக்காந்து, எழுத்துக் குழியில ஆள்காட்டி விரலை ஓட்டிப் பாத்தாரு. ஓரத்துல பூவேலை, நடுவுல ஏதோ கேடயம், அதுக்குக் கீழ வரி வரியா எழுத்து.

“வெட்டினவன் நம்மாளுடா. உளி பிடிச்ச சாய்வைப் பாரு.”

அது எப்படித் தெரியும்னு கேட்டேன். எழுத்து தெரியாதவன் எழுத்தைப் படமா பாத்து வெட்டினா எல்லாக் கோடும் ஒரே ஆழம் இருக்குமாம், படிக்கத் தெரிஞ்சவன் அவசரப்படுவானாம். எனக்கு வித்தியாசம் தெரியல. மூணு கல்லுல விரலை விட்டுப் பாத்தேன், மூணும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

10 மார்ச்

கோட்டை மியூசியத்தையும் சேத்துப் பாக்கலாமான்னு கேட்டவருக்கு: பாக்கலாம், பக்கத்துலதான், வெள்ளிக்கிழமை லீவு. ஆதார் மறக்காதீங்க. மத்தியானம் போறதா இருந்தா செருப்போட போங்க, மேஸ்திரிக்கு ரெண்டு உள்ளங்கால்லயும் கொப்புளம், ஒரு வாரமா வேலைக்கு வரல, அவர் சம்சாரம் என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க.